சைபர் பத்து என்றால் எட்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு ஃபோன் வந்தது. நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் கணக்குப் பிரிவின் சர்வர் திறக்கவில்லை. பேசியவர் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் தம்பி. "சார், மெஷின் உயிரோடதான் இருக்கு சார், பிங் போகுது. அப்ளிகேஷன்லதான் ஏதோ பிரச்சினை" என்றார்.

பிங் என்பது ஒரு மெஷினைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. பிங் போகிறது என்றால் மின்சாரம் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, இயங்குதளம் விழித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நம்பிக்கையில் ஒரு மணி நேரம் அப்ளிகேஷன் பக்கமே தேடினோம். அப்ளிகேஷன் காதுகொடுக்கும் வாசலான போர்ட்டைத் தட்டிப் பார்த்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வந்தது. அதுவும் பொருந்தித்தான் போனது: மெஷின் இருக்கிறது, சர்வீஸ் ஓடவில்லை. கடைசியில் காவலாளியிடம் சாவி வாங்கி சர்வர் அறையைத் திறந்து பார்த்தபோது அந்தப் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பவர் சப்ளை போயிருந்தது. ஆனால் தம்பியின் லேப்டாப்பில் பிங் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, பதிலும் வந்துகொண்டே இருக்கிறது.

அப்போதுதான் இரண்டு பேரும் திரையின் முதல் வரியைப் படித்தோம். அவர் தட்டியிருந்த ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒரு மெஷினைக் குறிக்கும் எண், 192.168.010.025. அதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பிங் தன் பங்குக்கு எழுதியிருந்தது: 192.168.8.21. அது மூன்றாம் மாடி பிரிண்டர்.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அந்த அலுவலகத்தின் மெஷின் பட்டியல் எக்செல்லில் இருந்தது. பெரும்பாலான மெஷின்களுக்குப் பெயர் உண்டு. ஐந்தாறு பழைய பெட்டிகளுக்கு மட்டும் எண்தான். எண்களை வரிசைப்படுத்தினால் 192.168.10.100 என்பது 192.168.10.25-க்கு முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் எக்செல் அதை எழுத்தாகத்தான் பார்க்கிறது. அதைச் சரிசெய்ய யாரோ ஒருவர் ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக, முன்னால் சைபர் போட்டு நிரப்பிவைத்திருந்தார். பார்க்க அழகாக, நேர்கோட்டில் இருந்தது. ஆனால் சி மொழியில் சைபரில் தொடங்கும் எண் ஆக்டல், எட்டை அடியாகக் கொண்ட எண். 010 என்றால் எட்டு. 025 என்றால் இருபத்தொன்று. முகவரியைப் படிக்கும் பழைய சி நூலகச் செயல்கூறு அந்த வழக்கத்தை அப்படியே பின்பற்றுகிறது. பிங் அதை நம்புகிறது.

அதே பட்டியலில் 192.168.010.089 என்று இன்னொன்று இருந்தது. அதைக் கேட்டால் 'அப்படி ஒரு பெயர் தெரியாது' என்று பிழை வரும். எண்ணைக் கொடுத்தால் பெயர் தெரியாது என்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை. பழைய மெஷின், எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் ஆக்டலில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஆகவே இது முகவரி இல்லை என்று இயங்குதளம் முடிவு கட்டி, அந்த எண் சரத்தையே ஒரு சர்வர் பெயராக எடுத்துக்கொண்டு பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸிடம் போய்க் கேட்டிருக்கிறது. கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டும் இதே பட்டியலைத்தான் படித்தது. மாதக்கணக்கில் அது பிரிண்டரின் நாடியைப் பிடித்துக்கொண்டு சர்வர் நலம் என்று சொல்லியிருக்கிறது.

அந்த இரவுக்கு அப்புறம்தான், ஒரு சர்வரின் பெயரைத் தட்டியதும் இயங்குதளத்துக்குள் என்ன நடக்கிறது என்று நான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுதியானது. முகவரியின் வடிவம் என்பது நிரல் எழுதுபவன் கைவைக்கிற இடமே இல்லை. பெயரை உள்ளே கொடுக்க வேண்டும், வருவதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே, இணைப்பை ஏற்படுத்தும் கனெக்ட் செயல்கூறிடம் ஒப்படைக்க வேண்டும். நடுவில் அதை உடைத்து, நான்கு பைட் என்று எண்ணி, எழுத்தாக ஒப்பிட்டு நாம் செய்கிற ஒவ்வொரு காரியமும் எங்காவது ஒரு பிரிண்டரில் போய் முடிகிறது.

கதை 1983-இல் தொடங்குகிறது. அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதி இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட், இணையம் இன்றும் பேசும் டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. அதே வருடம் பெர்க்லியிலிருந்து 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. நெட்வொர்க்கில் பேச நிரல் திறக்கும் சாக்கெட்டும், பெயரைக் கொடுத்தால் முகவரி தரும் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற செயல்கூறும் அதில்தான் பரவலாயின. பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை விவரித்த முதல் ஆவணங்களும் அதே வருடம்தான். அதுவரை மொத்த நெட்வொர்க்குக்கும், பெயர்களையும் முகவரிகளையும் எழுதிவைத்த ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பு. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அங்கிருந்து நகலெடுத்துக்கொண்டார்கள். நம் கணினிகளில் இன்றும் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு அதன் வாரிசு.

கெட்ஹோஸ்ட்பைநேமை முதலில் எழுதியபோது அது திருப்பித் தந்தது ஒரே ஒரு முகவரி. ஒரு மெஷினுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் இரண்டு முகவரி இருக்குமே என்று 4.3 பிஎஸ்டியில் அதைப் பட்டியலாக மாற்றினார்கள். ஆனால் பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக, பட்டியலின் முதல் முகவரிக்குப் பழைய பெயரையே ஒரு குறுக்குவழியாக விட்டுவைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். விளைவு என்னவென்றால், அடுத்த இருபது வருடம் பாடப்புத்தகங்கள் முதல் முகவரியை மட்டும் எடுக்கவே சொல்லிக்கொடுத்தன. எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: கெட்ஹோஸ்ட்பைநேமைக் கூப்பிடு, முதல் முகவரியை எடு, நான்கு பைட்டை நகலெடு, கனெக்ட் செய். பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மதிப்பெண்ணும் வாங்கினோம்.

அந்தக் காலத்து வடிவங்கள் இன்னும் நம்மோடு இருக்கின்றன. 'பிங் 127.1' என்று தட்டிப் பாருங்கள், 127.0.0.1-க்குப் போகும். 192.168.257 என்று மூன்றே பகுதி கொடுத்தால் அது 192.168.1.1. கடைசிப் பகுதியில் எத்தனை பிட் மிச்சமோ அத்தனையும் அதற்கே சொந்தம் என்பது விதி. முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்பாகப் பிரித்திருந்த காலத்தில், முன்பாதி நெட்வொர்க், பின்பாதி மெஷின் என்று எழுத அது வசதியாக இருந்தது. 2130706433 என்று புள்ளியே இல்லாமல் கொடுத்தாலும் அது 127.0.0.1தான். வகுப்புகள் 1993-இலேயே போய்விட்டன. வடிவம் போகவில்லை.

இதில் நிஜமான ஆபத்து பிரிண்டர் இல்லை. ஒரே சரத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பதுதான் ஆபத்து. வெளியிலிருந்து வரும் முகவரி உள்நெட்வொர்க்கைத் தொடுகிறதா என்று ஒரு நூலகம் சோதிக்கிறது என்று வையுங்கள். அது 0177.0.0.1 என்பதை 177.0.0.1 என்று படித்து, வெளிமுகவரிதான், போகலாம் என்று அனுமதிக்கிறது. பிறகு இயங்குதளம் அதையே ஆக்டலாகப் படித்து 127.0.0.1-க்கு, அதாவது தன் சொந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது. 2021-இல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் உலகில் பலர் பயன்படுத்தும் ஒரு சிறு நூலகத்திலும், பைதானின் ஐபி முகவரி நூலகத்திலும் இந்த வகைக் குறை அடுத்தடுத்து வெளிவந்தது. கோ மொழி அதே வருடம் வந்த 1.17 பதிப்பிலிருந்து, முன்னால் சைபர் போட்ட முகவரியை ஏற்கவே மறுத்துவிட்டது. பத்தா எட்டா என்று ஊகிப்பதைவிட மறுப்பதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். அந்த இரவு பிங் மறுத்திருந்தால் நாங்கள் அரை நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருப்போம்.

பெயரா, முகவரியா என்ற இந்தச் சின்னக் கேள்வியில் எவ்வளவு சிக்கல் என்பதற்கு லினக்ஸ் உலகமே பதறிய ஓர் உதாரணம் உண்டு. 2015 ஜனவரி 27-ஆம் தேதி குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட 'கோஸ்ட்' என்ற ஓட்டை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில், கெட்ஹோஸ்ட்பைநேமுக்கு உள்ளே ஒரு சிறு பகுதி, கொடுத்த சரம் வெறும் இலக்கமும் புள்ளியும்தானா என்று பார்க்கும். ஆம் என்றால் டிஎன்எஸ்ஸுக்குப் போகாமல் நேரடியாக முகவரியைத் தந்துவிடலாம் என்பது யோசனை. அதற்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கணக்குப் போட்டவர் ஒரு பாயின்டரை, அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் எண்ணை, விட்டுவிட்டார். 32 பிட் மெஷினில் நான்கு பைட், 64 பிட்டில் எட்டு பைட். ஆயிரக்கணக்கில் இலக்கமும் புள்ளியுமாக ஒரு நீளமான 'பெயரை' அனுப்பினால் அந்தச் சில பைட்டுகள் பக்கத்து இடத்தில் எழுதப்படும். அது போதுமானதாக இருந்தது. எக்ஸிம் மெயில் சர்வரை அதை வைத்தே உடைத்துக் காட்டினார்கள். 2000-இல் வந்த குறை. 2013-இலேயே யாரோ திருத்தியிருந்தார்கள், ஆனால் அது பாதுகாப்புப் பிரச்சினை என்று யாருக்கும் தோன்றாததால் நீண்டகாலப் பதிப்புகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த 089 ஞாபகம் வந்தது. இலக்கம், புள்ளி, ஆனால் முகவரி இல்லை.

சரி, மாற்று என்ன? 1995 டிசம்பரில் ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 ஆவணமாக வந்தது. நான்கு பைட் முகவரி பதினாறு பைட் ஆனது. டிஎன்எஸ்ஸில் பழைய முகவரிப் பதிவின் பெயர் ஒற்றை ஏ. புதியதன் பெயர் நான்கு ஏ, நான்கு மடங்கு நீளம் என்பதால். கெட்ஹோஸ்ட்பைநேமால் இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் தர முடியாது. அதன் வடிவத்தில் முகவரியின் வகைக்கும் நீளத்துக்கும் மொத்தப் பட்டியலுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் உண்டு. எல்லாம் நான்கு பைட், இல்லையென்றால் எல்லாம் பதினாறு.

அதனால் வந்ததுதான் கெட்அட்ரின்ஃபோ. 1997-இல் ஆவணமாகி, 2001-இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தில் நுழைந்தது. 2008-இல் கெட்ஹோஸ்ட்பைநேம் அந்தத் தரத்திலிருந்தே நீக்கப்பட்டது. கெட்அட்ரின்ஃபோவிடம் பெயரையும் சர்வீஸையும் எழுத்தாகக் கொடுத்தால் போதும். திரும்பி வருவது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் எந்த வகை சாக்கெட் திறக்க வேண்டும், முகவரி எத்தனை பைட், முகவரி என்ன என்று எல்லாம் தயாராக இருக்கும். நம் நிரல் அந்த முகவரிக்குள் எட்டிப் பார்க்கவே தேவையில்லை. முதல் கண்ணியை எடு, சாக்கெட் திற, கனெக்ட் செய். முடியவில்லையா, அடுத்த கண்ணி. ஐபிவி6 என்பதற்கான எண் லினக்ஸில் 10, விண்டோஸில் 23, ஃப்ரீபிஎஸ்டியில் 28, மேக்கில் 30. அதுகூட நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நிரல் எழுதுவதில் எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்புகளில் இது ஒன்று.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் கெட்என்ட் கட்டளையிடம் ஏஹோஸ்ட்ஸ் என்று சொல்லி ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். அந்தச் சங்கிலி அப்படியே தெரியும். ஒவ்வொரு முகவரியும் மூன்று முறை வரும், ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று சாக்கெட் வகைக்கு ஒன்றாக. நமக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் எடுத்துவைக்கும்.

அந்தச் சங்கிலியின் வரிசை தற்செயலானதும் இல்லை. முதலில் 2003-இலும் பிறகு திருத்தி 2012-இலும் வந்த ஒரு தரம், பத்து விதிகளை வைத்து எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானிக்கிறது. ஜிலிப்சி இதற்குச் செய்யும் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வந்திருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலேயே பாக்கெட் அனுப்பும் யுடிபி வகை சாக்கெட் ஒன்றைத் திறந்து கனெக்ட் சொல்லிப் பார்க்கும். யுடிபியில் கனெக்ட் சொன்னால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. ஆனால் அந்த முகவரிக்குப் போக வேண்டுமானால் நம் பக்கத்திலிருந்து எந்த முகவரியோடு புறப்பட வேண்டும் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் முடிவு செய்துவிடும். அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு சாக்கெட்டை மூடிவிடும். வழியே இல்லாத முகவரி பட்டியலின் கடைசிக்குப் போகும். வீட்டைவிட்டு இறங்காமலேயே எந்தப் பஸ் போகும், எது போகாது என்று விசாரித்துக்கொள்வது மாதிரி.

இந்த வரிசையை மதிக்காத நிரல்களால் படும் அவஸ்தை நிறைய. 2021 அக்டோபரில் நோட் ஜேஎஸ் 17 வந்தபோது நண்பர்கள் பலர் ஒரே நாளில் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு லோக்கல்ஹோஸ்ட் கனெக்ட் ஆகல." அதுவரை நோட், இயங்குதளம் தந்த வரிசையைக் கலைத்து, பழைய நான்கு பைட் வகையான ஐபிவி4 முகவரிகளை முன்னால் தள்ளிவைத்திருந்தது. 17-இலிருந்து வந்த வரிசையை வந்தபடியே எடுத்துக்கொண்டது. நம் மெஷினையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு ::1, 127.0.0.1 என இரண்டு முகவரி. முதலில் வந்தது ::1. நண்பர்களின் சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காதுகொடுத்துக்கொண்டிருந்தது. நோட் முதல் கண்ணியோடு நின்றுவிட்டது. இரண்டாவதை முயன்றிருந்தால் கிடைத்திருக்கும். என் கல்லூரிப் பதிவேட்டில் இருந்த அதே தவறு, முப்பது வருடம் கழித்துப் புதிய மொழியில். பதிப்பு 20 முதல் நோட் மற்ற முகவரிகளையும் தானாக முயல்கிறது.

உலாவிகள் இதை முன்பே சரிசெய்துகொண்டன. ஒரு முகவரி பதில் சொல்லக் காத்திருக்காமல், கால் நொடி பொறுத்து அடுத்ததையும் கூப்பிட்டு, யார் முதலில் வருகிறாரோ அவரோடு போவது. 2012-இல் தரமாகி, 2017-இல் 250 மில்லிவிநாடி என்ற பரிந்துரையோடு திருந்தி வந்தது. அதன் பெயர் 'ஹாப்பி ஐபால்ஸ்'.

ஐபிவி6 பற்றிப் பேசும்போது ஜப்பானின் காமே திட்டத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 1998 முதல் 2006 வரை பிஎஸ்டி குடும்ப இயங்குதளங்களுக்கு ஐபிவி6-ஐ எழுதித் தந்தவர்கள். காமே என்றால் ஆமை. அவர்களுடைய தளத்துக்கு ஐபிவி4 வழியாகப் போனால் ஆமை சும்மா இருக்கும், ஐபிவி6 வழியாகப் போனால் ஆடும். அந்த ஆமை ஆடுவதை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அத்திட்டத்தின் முக்கியமான ஆள் ஜுன்-இச்சிரோ ஹகினோ, எல்லோருக்கும் இடோஜுன். 2007-இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அவர் விடாமல் எச்சரித்த ஒரு விஷயம், பதினாறு பைட் முகவரிக்குள் நான்கு பைட் முகவரியை மடித்துவைக்கும் வடிவம். ஒரே ஐபிவி6 சாக்கெட்டைத் திறந்துவைத்தால் ஐபிவி4 ஆட்களும் அதிலேயே வந்துவிடுவார்கள், ஆனால் முகவரியின் முன்னால் இரண்டு முக்காற்புள்ளியும் நான்கு 'எஃப்'பும் ஒட்டிக்கொண்டு வரும். லினக்ஸில் இது இயல்பாகவே திறந்திருக்கும். ஓப்பன்பிஎஸ்டியில் இதற்கு இடமே இல்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குப் புரிய ஒரு அனுமதிப் பட்டியல் தேவைப்பட்டது. 192.168.10.7 மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருந்த ஒரு சர்வீஸை ஐபிவி6 சாக்கெட்டுக்கு மாற்றினோம். அடுத்த நிமிடம் அந்த 10.7-ஐயே அது விரட்டியது. அதே மெஷின், அதே முகவரி. நான்கு எஃப் கூடியதால் எழுத்து பொருந்தவில்லை. எங்களுக்கு விரட்டியதோடு போயிற்று. தடைப் பட்டியலாக இருந்திருந்தால் தடுக்க வேண்டியவரை உள்ளே விட்டிருக்கும்.

இதைவிட அமைதியான ஒரு தவறும் உண்டு. வந்தவரின் முகவரியை வாங்க சி நிரலில் பழைய பொதுவடிவத்தின் அளவுக்கு இடம் ஒதுக்குவார்கள். அது 16 பைட். ஐபிவி6 முகவரி வடிவத்துக்கு 28 பைட் வேண்டும். கெர்னல் சண்டைபோடாது, இடம் இருக்கும் வரை நிரப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும். வகை, போர்ட் எல்லாம் போக, முகவரியின் பதினாறில் முதல் எட்டு பைட் மட்டும் கிடைக்கும். தெருப்பெயர் இருக்கும், கதவிலக்கம் இருக்காது. 128 பைட்டில் எதற்கும் போதுமான ஒரு வடிவத்தை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ ஐபிவி6-ஓடு வந்தபிறகு இந்தியாவில் இது ஏட்டுச் சுரைக்காயாக இல்லை. கையில் இருக்கும் ஃபோன் பெரும்பாலும் ஐபிவி6-இல்தான் பேசுகிறது. ஐபிவி6 மட்டுமே உள்ள நெட்வொர்க்கில் பழைய சர்வரைத் தொட, டிஎன்எஸ் நடுவில் புகுந்து அந்தப் பெயருக்கு ஒரு ஐபிவி6 முகவரியைச் செய்து தரும். வழியில் இருக்கும் பெட்டி அதைத் திரும்ப ஐபிவி4 ஆக்கும். பெயரைக் கேட்டால்தான் டிஎன்எஸ்ஸால் உதவ முடியும். செயலிக்குள் நான்கு எண்ணைப் பதித்துவைத்திருந்தால் அது யாரையும் கேட்காமல் நேராகப் போய் முட்டி நிற்கும். ஆப்பிள் 2016 ஜூன் 1 முதல், ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஓடாத செயலிகளை ஏற்பதில்லை என்று சொன்னது இதனால்தான்.

அந்தத் தம்பி இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். போன மாதம் கூப்பிட்டார். "சார், இங்க ஐபிவி6 வருது சார். எக்செல்ல காலம் எத்தனை எழுத்து அகலம் வைக்கணும்?" என்றார். பழைய கட்டம் 15 எழுத்து, மூன்று மூன்றாய் நான்கு பகுதியும் மூன்று புள்ளியும். 45 வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னால பெயர்னு ஒரு காலம் போடுங்க தம்பி, ஸ்கிரிப்ட் அதை மட்டும் படிக்கட்டும்" என்றேன். இரண்டு நாள் கழித்துப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். எல்லா வரியிலும் பெயர் இருந்தது. பிரிண்டர்களுக்கும் வைத்திருந்தார்.